ஒன்பதாம் அத்தியாயத்துக் குதிரை

வரலாற்றுக்கு உயிர் கொடுப்பவனைக் காலம் ஒருநாளும் கைவிடாது.

தலைமையாசிரியர் எழுதிய சரித்திர நாவலின் முன்னுரையில் அப்படித்தான் இருந்தது. காலம் கைவிடவில்லைதான், கடைக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். மிஞ்சிய பிரதிகள் நான்காம் வகுப்பின் வாசிப்புக் குழுக்களுக்கு வந்து சேர்ந்தன.

இன்று கல்வி அதிகாரி வந்திருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் எல்லாப் பள்ளிகளிலும் இதே நாவல்தான்.

தலைமையாசிரியர் போட்டோவுக்கு நிற்பவர்போல் விறைப்பாக நின்றார்.

ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கதையில் சந்தேகம் கிளப்ப வேண்டும், மற்றவர்கள் விடை தேட வேண்டும் என்று டீச்சர் வேலை பிரித்திருந்தார். ஜன்னலோரக் குழுவில் சந்தேகம் கைகலப்புவரை வந்திருந்தது.

"மின்னல் ரெண்டாவது அத்தியாயத்துலயே ஆத்துல முழுகிச் செத்துப்போச்சு. நீகூட அழுதியே! அப்புறம் ஒன்பதாவதுல ராஜா எப்படி அது மேல ஏறுறாரு?"

மின்னல், ராஜாவின் குதிரை.

"லூசு, அது வேற குதிரைடா," என்றாள் ரெட்டைச்சடை. "எங்க நாய் செத்தப்புறம் வந்த புது நாய்க்கும் எங்கப்பா அதே பேரைத்தான் வெச்சாரு. அந்தப் பேரைக் கூப்பிடாம அவரால இருக்க முடியல. ராஜாவும் பாவம்ல?"

பக்கத்துக் குழுக்கள் திரும்பிப் பார்த்தன.

சந்தேகக்காரன் பக்கத்தைப் புரட்டினான். "அதான் ஏறுறதுக்கு முன்னாடி சும்மா நின்னுட்டே இருந்தாரா..." என்றான், குரல் இறங்கி.

டீச்சர் ரெட்டைச்சடையின் தலையில் கை வைத்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "புதுக் குதிரைன்னு ஒரு வார்த்தைகூடச் சொல்லாம விட்டிருக்கீங்களே. எப்படி சார் தோணுச்சு?"

"படிக்கிறவங்களுக்கும் கொஞ்சம் வேலை வைக்கணும் சார்," என்றார் தலைமையாசிரியர் அடக்கமாக.

அங்கேயே, ஒரு குட்டி பெஞ்சில் காகிதத்தை வைத்து அதிகாரி கையெழுத்துப் போட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியருக்குச் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது.

அதிகாரியின் வண்டி வாசலைத் தாண்டியதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன் நாவலை எடுத்து இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டினார்.

குதிரை செத்துத்தான் போயிருந்தது.