எஞ்சினுக்கு ஏற்ற விமானம்

கேஷிகா தேநீர்த் தட்டை நீட்டியபோது துஷாந்த் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் பார்வை முழுவதும், சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்து வைக்கப்பட்டிருந்த எஞ்சினில் இருந்தது.

அதுவே நல்லது என்று கேஷிகாவின் அம்மா கோசலா நினைத்தாள். இரண்டு வருடமாகப் பழகுகிறவர்கள் என்று காட்டிக்கொண்டால் எல்லாம் கெட்டுவிடும்.

தரகர் கொண்டுவந்த வரன்களையெல்லாம் அவள் கணவர் மதுசூதனன் ஏதாவது நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார். ஒருவனுக்கு நடை சரியில்லை. இன்னொருவன் தேநீரை ஊதிக் குடித்தான். மகளே ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால், அவன் பெயரைக்கூடக் கேட்கமாட்டார்.

அந்த நேரத்தில்தான் எஞ்சின் வந்தது. நுவரெலியா கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் மதுசூதனன், ரேஸ்கோர்ஸ் திடலில் யாரோ ரிமோட் விமானம் விட்டதைப் பார்த்துவிட்டு, கொழும்பிலிருந்து ஒரு எஞ்சினை வாங்கி வந்துவிட்டார். விமானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். கைப்பிடியை வாங்கிவிட்டுக் கதவைத் தேடுகிற மனிதர்.

துஷாந்துக்கு ஹட்டனில் ட்ரோன் திருத்துகிற கடை. மாடல் விமானமும் விற்கிறான். சிநேகிதி ஒருத்தி தந்ததாகச் சொல்லி, அவன் நம்பரை அப்பாவிடம் கொடுத்தாள் கேஷிகா. பெரிதும் சிறிதுமாக இரண்டு விமானங்களின் படத்தை அவன் அவருக்குப் போனில் அனுப்பியிருந்தான்.

"அப்பாவுக்கு அவரைப் புடிக்க வைக்க இதுதான் வழி," என்று கோசலாவுக்கு ஒரே சந்தோஷம்.

"புடிக்கிறது அப்புறம்மா. அப்பாகிட்ட அவரு எப்பிடிப் பேசுறாருன்னு மொதல்ல நான் பாக்கணும்," என்றாள் மகள்.

இப்போது துஷாந்த் எஞ்சினைக் கையில் தூக்கிப் பார்த்தான். "இருபது சிசி அங்கிள். குட்டிக்கரணம் போடுற பிளேன் வேணும்னா இதுக்கு அந்தப் பெரிசுதான் சரி. றெக்கை ஆறடி வரும்."

"பெரிசு கார்ல ஏறாது தம்பி. இந்தச் சின்னது போதும். செவப்புல வெள்ளைக்கோடு, பாருங்க." மதுசூதனன் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அது பத்து சிசிக்குச் செஞ்சது அங்கிள். இந்தப் பாரத்துக்கு மூக்கு தொங்கும். எஞ்சின் அதிர்ற அதிர்வுல முன்பலகையே பிச்சுக்கிட்டு வந்துரும்."

கதவோரம் நின்ற கேஷிகாவின் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"நம்ம ஊரு உயரத்துல எஞ்சினுக்குப் பலம் குறையும்னு போன்ல நீங்கதானே சொன்னீங்க?" என்றார் மதுசூதனன்.

"ஆமா அங்கிள், காத்து மெலிசு. ஆனா..."

"அப்ப இருபது சிசி பத்து சிசி ஆயிருச்சு. கணக்கு சரியா வருதே."

துஷாந்த் வாயைத் திறந்தான். மதுசூதனன் விடவில்லை.

"நான் எத்தனை வாட்டர் பம்ப் வித்திருக்கேன் தெரியுமா? எனக்கு எஞ்சினைப் பத்திச் சொல்றீங்க."

விற்றிருக்கிறார், உண்மைதான். அவற்றில் ஒன்றுகூடப் பறந்ததில்லை.

"கோசலா, நீ சொல்லு. இது நல்லா இல்ல?"

"நல்லாருக்குங்க," என்றாள் கோசலா. போன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்துவிட்டுச் சொல்வதைவிடச் சொல்லிவிடுவது சுலபம் என்பது, கல்யாணமான முதல் வருடமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்கு அவள் வைத்திருந்த பெயர் பொறுமை.

துஷாந்த் தேநீரை ஒரு மிடறு குடித்தான். ஊதவில்லை. "நீங்க சொல்றதும் சரிதான் அங்கிள். சின்னதே எடுப்போம்."

"மூக்கு தொங்குச்சுன்னா, வாலுல ஒரு இரும்புத் துண்டைக் கட்டிரலாம். நம்ம கடையிலயே இருக்கு."

"கட்டிரலாம் அங்கிள்."

"மொத நாளே தலைகீழா விடலாம்ல?"

"விடலாம் அங்கிள்."

கேஷிகா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

துஷாந்தை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு மதுசூதனன் திரும்பி வந்தார். யாரையும் வாசல்வரை கொண்டுபோய் விடுகிற பழக்கம் அவருக்கில்லை.

"பொடியன் தங்கம். என்னா அறிவு, என்னா மரியாதை. தரகர் ஏன் இப்பிடி ஒருத்தனைக் கொண்டுவர மாட்டேங்குறான்? இவனே கேட்டு வந்தாலும் கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பேன்."

இந்த வீட்டில் இவ்வளவு லேசாக எதுவும் முடிந்ததில்லை. கோசலா கிட்டத்தட்ட ஓடியே சமையலறைக்குப் போனாள்.

கேஷிகா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, அப்பா அவரு வாயாலயே சொல்லிட்டாரு. சூடு ஆறுறதுக்குள்ள நான் பேசிடவா?"

"வேணாம்மா."

"ஏன்டி? அந்தப் புள்ள ஒரு கொறையும் வைக்கலையே."

"அந்த எஞ்சின் அந்த பிளேனுக்கு ஆகாதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும்மா."

"தெரிஞ்சா என்ன? பெரியவங்க மனசு கோணக்கூடாதுன்னு விட்டுக் குடுத்தாரு. அது நல்ல குணம்தானே?"

"நாளைக்கு என்னையப் பத்தி அப்பா ஒண்ணைப் பிழையாச் சொன்னாலும், 'சரி அங்கிள்'னுதான் சொல்லுவாரு." அவள் குரலில் கோபமில்லை. கண்ணில் மட்டும் நீர் கோத்திருந்தது. "அதுக்குத்தான் அவரை இங்க வரச் சொன்னேன்."

"எதுக்கு?"

"அப்பாகிட்ட ஒரு தடவையாச்சும் இல்லன்னு சொல்லி, அதுலயே நிக்கிறாரான்னு பாக்க."

கோசலா குழாயை மூடினாள். "கொஞ்சம் பொறுமையா யோசி பாப்பா..."

கேஷிகா கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு ஆமா போட இந்த வீட்ல நீங்க ஒருத்தர் போதும்மா."