பன்னிரண்டு காலர்

ஏழாவது காலரைத் தைக்கும்போது இடது கால் மரத்துப்போனது.

உடம்பின் பாரம் முழுவதையும் அந்தத் தொடையில்தான் போட்டிருந்தேன். முதுகெலும்பின் அடிநுனி முக்காலியில் படக்கூடாது. பட்டால், பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ உள்ளே விட்டுத் திருகுவதுபோல் இருக்கும்.

தையல் கம்பெனியில் எனக்கு அன்று சோதனை நாள். மதியத்துக்குள் பன்னிரண்டு சட்டைக் காலர். முக்காலி மரப்பலகை.

வால் எலும்பு எல்லோருக்கும் லேசாக வளைந்திருக்குமாம். எனக்குத் தூண்டில் முள்போல உள்ளே மடங்கியிருக்கிறது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பொறந்ததுலேருந்தே வாலுதானே இவ, அதுக்கு எதுக்கு எக்ஸ்ரே?" என்றான் அண்ணன்.

அம்மா சிரிக்கவில்லை.

அந்த எலும்பால்தான் பள்ளிக்கூட பெஞ்சை விட்டேன். மூன்று ஊசி போட்டாயிற்று. ஒவ்வொன்றும் பத்து நாள் தாங்கியது. நான்காவது கிடையாது, உட்காரும் வேலையே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நடுவில் ஓட்டை போட்ட மெத்தையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். முன்பு போன இரண்டு கம்பெனிகளிலும் அதைப் பார்த்ததுமே, உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா என்று அன்பாக வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நடந்து போகிற தூரத்தில் மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான்.

பன்னிரண்டையும் முடித்து, மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். காலர்களைக் கட்டாகக் கொண்டுபோய்க் கண்ணாடி அக்காவின் மேசையில் வைத்தேன். தைத்ததைச் சரிபார்ப்பவர் அவர்தான். அவர் கண்ணுக்கு ஒரு நூல் தப்பாது என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் வந்திருந்தேன்.

அக்கா ஒவ்வொன்றாக விரித்தார். ஓரத்தையல் எல்லாவற்றிலும் இடதுபக்கம் ஓடியிருந்தது. ஒன்றின் முனை கிளிமூக்காக வளைந்திருந்தது.

காலரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் நின்ற விதத்தைப் பார்த்தார்.

"உக்கார முடியலையா?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். ரப்பர் முத்திரையை எடுத்து, பன்னிரண்டு காலரின் துண்டுச்சீட்டிலும் மளமளவென்று குத்தினார். எல்லாம் பாஸ்.

"அழாதடி. இனிமே உன் காலரெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எத்தனை கோணலா இருந்தாலும் நான் பாத்துக்கறேன். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன், போதுமா?"

சூப்பர்வைசர் வந்து முத்திரையைப் பார்த்தார். ஜன்னலோர மெஷின் இனி என்னுடையது என்றார். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை.

அக்காவின் முதுகுக்குப் பின்னால் நூல் வெட்டும் மேசை இருந்தது. எட்டுப் பெண்கள் கையில் சின்னக் கத்தரியோடு வரிசையாக நின்றார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டேதான் வேலை. ஒருத்திக்கும் முக்காலி கிடையாது. அந்த மேசைக்கென்று தனியாக ஆள் எடுப்பதில்லை. மெஷினில் தேறாதவர்களைத்தான் அங்கே போடுவார்கள். விசாரித்துக்கொண்டுதான் வந்தேன்.

வீட்டில் கை மெஷினை மேசைமேல் வைத்து, நின்றபடியே தைப்பேன். நூல் பிடித்தாற்போல் போகும். பன்னிரண்டு காலரையும் கோணலாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஜன்னலோர முக்காலியைக் கண்ணாடி அக்காவே துணியால் துடைத்து, எனக்காக இழுத்துப் போட்டார்.