தாமதமாக வந்த படை

மார்ச் ஒன்பது, காலை எட்டரை மணி, தூறல். குடல் புற்றுநோயால் விடியலில் இறந்தவரின் திசுத் துணுக்கை நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் மறுபடி வைத்தார். நேற்று, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒன்றுகூடக் கட்டியை நெருங்கியிருக்கவில்லை. ஆகவே நோயெதிர்ப்பாற்றல் சிகிச்சை பலன் தராது என்று அறிக்கையில் எழுதியிருந்தார். கையெழுத்துதான் பாக்கி.

இன்று வெள்ளணுக்கள் கட்டியை வளைத்து நின்றன. சாயமேற்றிக் கண்ணாடியில் பதித்த செல்கள் நகர்வதில்லை. துணுக்கின் எண்ணும் சரியாகவே இருந்தது.

அறிக்கைக்காக வந்திருந்த, இறந்தவரின் மனைவியிடம், “உடம்போட படை இப்பதாம்மா வந்திருக்கு,” என்றார்.

“அவரு எதுக்குமே லேட்டுதான் டாக்டர். எங்க கல்யாணத்துக்கே கடைசியாத்தான் வந்தாரு. ஆனா வந்துட்டா, வேலைய முடிக்காம நகரமாட்டாரு.”

மருத்துவர் திரும்பிப் போய்ப் பார்த்தார். கட்டி இருந்த இடத்தில் வெள்ளணுக்கள் மட்டுமே இருந்தன. பழைய வரியை அடித்தார். ‘நோய் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, மனைவியின் கையில் கொடுத்தார்.