எட்டரை மணி வீடியோ

"கம்ப்யூட்டரை ஆன் பண்ணினாலே இந்தம்மா வந்துடுறாங்க! எடுத்துத் தொலை முனீஸ், ஆர்டர் குடுக்கிற பையர் வர்ற நேரம்!" புது மேனேஜர் அழகுமலை பரபரத்தார்.

திரையில் ஒரு பெண்மணி சிரித்தார். "சாப்டாச்சா கண்ணுகளா? விரல் பத்திரம், மெஷினை ஓட்டுங்க!"

"சூப்பர்வைசர் சபுரா பீவிங்க சார். ஸ்பீக்கர்ல இவங்க சொன்னாத்தான் டெய்லருங்க தைக்க ஆரம்பிப்பாங்க. தினமும் எட்டரைக்கு…"

"செத்தவங்களைக் கும்பிட இது கோயிலா?" அழகுமலை அவனை முடிக்க விடவில்லை.

முனீஸ் தயங்கித் தயங்கி வீடியோவை எடுத்தான். மறுபடி ஆன் செய்தபோது அது வரவில்லை.

மணி எட்டரை. தையல் கூடத்தில் நாற்பது மெஷின்களும் சும்மா கிடந்தன. பையரின் கார் வாசலில் நுழைந்துகொண்டிருந்தது. அழகுமலை கூடத்துக்குள் ஓடினார்.

"ஏம்மா, போய்ச் சேர்ந்தவங்க வந்து சொன்னாத்தான் தைப்பீங்களா?"

முதல் மெஷினில் இருந்த நாகஜோதி வெடுக்கென எழுந்தாள்.

"வாயைக் கழுவுங்க சார்! உங்களுக்குப் பின்னாடிதான் நிக்கிறாங்க."

அழகுமலை திரும்பினார். கையில் நூல் வெட்டும் கத்திரி, கழுத்தைச் சுற்றிக் கட்டு. சபுரா பீவி ஒன்றும் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகஜோதி சபுரா பீவியின் பக்கத்தில் போய் நின்றாள். "தொண்டையில ஆபரேஷன் சார். அதுக்கப்புறம் பேச்சு வராதுன்னு டாக்டர் முன்னாடியே சொன்ன அன்னிக்கு, எங்களுக்காக அவங்களே எடுத்துக் கொடுத்த வீடியோ அது."