பச்சையப்பன் தராத மருந்து

"இன்னாசிக்கு மருந்து கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ."

நாட்டு வைத்தியர் பச்சையப்பன் வாசப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டார். உள்ளே வாங்க என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

இன்னாசிக்கு நாக்கில் புற்று. பேச முடியாது. அவர் பெண்டாட்டி செலின் மேரிதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள்.

"ஆஸ்பத்திரின்னா அறுத்துப் போட்டுடுவாங்கன்னு பயப்படறாருண்ணே. ஏரித் தண்ணிக்குச் சண்டை போட்டத மனசுல வச்சிக்கினு பேசாதீங்க."

"மெதுவா பேசு. உள்ள ஆளு படுத்திருக்குது."

உள்ளே படுத்திருந்தது பச்சையப்பனின் பெண்டாட்டி கோகிலாம்பாள். அவளுக்கும் இதே நோய்தான், கன்னத்தில். அவளுக்கு மட்டும் வேளை தவறாமல் மருந்து அரைத்துக் கொடுக்கிறாரே! பாகூருக்கே தெரியும்.

சரி, இவரை விட்டால் வேறு வைத்தியரே இல்லையா? ஏம்பலம் சுப்பராயலுவிடம் போனார்கள். அவர் நெளிந்தார்.

"ஒரு வேரு கூடக் குடுத்துடாதேன்னு பச்சையப்பன் ஆள் உட்டு சொல்லிட்டாரும்மா."

செலின் திரும்பி வந்ததும் பச்சையப்பன் வாசலில் நின்று தெரு மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவள்தான். அன்றைக்கு அதெல்லாம் ஞாபகம் வரவில்லை.

"நீயும் தர மாட்ட, தர்றவனையும் தடுப்பியா? நீ நல்லா இருப்பியா? உன் வூடு வெளங்குமா?"

பச்சையப்பன், தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேறு வழி? பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள்.

டாக்டர் நாகராஜன் நாக்கைப் பார்த்தார்.

"புதுசா ஒரு மருந்தை, சம்மதிக்கறவங்களுக்கு மட்டும் குடுத்துப் பார்க்கிறோம்மா. குணமாகும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இவருக்கு இப்ப இதை விட்டா வேற எதுவும் இல்லை. நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா?"

"எங்க சாப்பிட உட்டான் அந்தப் பாவி!"

"நல்லதாப் போச்சு. சாப்பிட்டிருந்தா இதுல சேர்க்கவே முடியாது."

செலின் விழித்தாள்.

"போன மாசம் ஒருத்தர் பெண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வந்தார். அந்தம்மா நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தாங்க. திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு. 'அரைச்சுக் குடுத்ததே நான்தான் டாக்டர், அவ காதுல மட்டும் இது விழ வேணாம்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். பாகூர்ப் பக்கம் வைத்தியராம், பாவம்."

செலின் முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

இன்னாசியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மறுநாள் நேராகப் பச்சையப்பன் வீட்டுக்குத்தான் வந்தாள். அவர் அம்மியில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"சேத்துக்கினாங்களா?"

தலையாட்டினாள்.

கட்டிலிலிருந்து கோகிலாம்பாள் குரல் கொடுத்தாள்.

"யாரு, செலினா? மன்னிச்சுக்கடி. நீ மண்ணை வாரித் தூத்தினதுல தப்பே இல்ல. எனக்குக் குடுக்கற மருந்துல ஒரு உருண்டை உன் வூட்டுக்காரருக்குக் குடுத்தா இந்த மனுசனுக்கு இன்னா கொறஞ்சா பூடும்?"

பச்சையப்பனின் கை குழவியிலேயே நின்றுவிட்டது. செலினைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அத்தனை பயம்.

செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள்.

"அவருக்கு அது கேக்காதுக்கா. அது உனக்குன்னே அரைச்ச மருந்து."