நாளைய தேதியிட்ட நன்றி

“நான் எழுதிக் கொடுத்த சீட்டையெல்லாம் எனக்குக் காட்டுங்க சார்.”

சம்பள உயர்வு கேள், சண்டைகூடப் போடு, இதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே பக்கத்து மேசை அக்கா அவளை எச்சரித்திருந்தாள். அந்த அலுவலகத்தில் தினமும் காலையில் மூன்று விஷயங்களுக்கு நன்றி சொல்லி, தேதிபோட்டு, ஒரு சீட்டில் எழுதி மேலாளரிடம் கொடுக்க வேண்டும். மனசு அமைதியாகுமாம். வீட்டின் முதல் பட்டதாரியான அவளுக்கு, எழுதி வாங்கிக்கொண்டு தரப்படும் எதன்மீதும் நம்பிக்கை கிடையாது.

“தாராளமா பாரும்மா.” மேலாளர் அவளுடைய சீட்டுகள் இருந்த கோப்பை நீட்டினார்.

இன்றைய சீட்டோடு கோப்பு முடியவில்லை. அடுத்ததில் நாளைய தேதி. அவளுடைய கையெழுத்தேதான். முதல் நன்றி:

‘அம்மா மாத்திரையை மாற்றிப் போட்டுக்கொண்டாள். வலியில்லாமல் போய்விட்டாள். நன்றி.’

அதற்கடுத்த நாள்: ‘அலுவலகம் மூன்று நாள் விடுப்பு தந்தது. நன்றி.’

“இதை நான் எழுதல.”

“இன்னும் எழுதலைன்னு சொல்லு. போய் சீட்ல உக்காரு.”

அவள் நின்றபடியே வீட்டுக்குப் போன் போட்டாள். “அம்மா, நான் வர்ற வரைக்கும் ஒரு மாத்திரையையும் தொடாத.”

“ஏன்டி, வேலை நேரத்துல எங்க வர்ற?”

“இனிமே எனக்கு வேலை நேரமே கிடையாதும்மா.”

அடையாள அட்டையைக் கழற்றி, கோப்போடு சேர்த்து அவர் மேசையில் போட்டாள். மேலாளர் நிமிரவே இல்லை. கோப்பிலிருந்து பதற்றமில்லாமல் அந்த இரண்டு சீட்டுகளையும் உருவிக்கொண்டிருந்தார். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினாள்.