பெயர் உரிந்த இசைத்தட்டு

அந்தப் புது இசைத்தட்டில் பேய்வேகத் தாளம் ஒன்று பதிந்திருந்தது. நடுவில் ஒட்டிய மஞ்சள் தாளில் அதன் பெயர் இருந்தது. முதல்முறை அது சுழன்றபோதே, பழைய கிடங்கில் இரவு நடனத்துக்குக் கூடியிருந்த கூட்டம் முழுக்கக் குதித்து ஆடியது.

பெட்டிக்குத் திரும்பியதும் அது பக்கத்துத் தட்டிடம், "அண்ணே, இனிமே எல்லாருக்கும் என் பேர் தெரிஞ்சிடும்!" என்றது.

அப்போது அதை வாங்கிவந்து கூட்டத்துக்குச் சுழலவிட்ட டி.ஜே. ஈரத்துணியோடு வந்தார். "பேர் தெரிஞ்சா மத்த டி.ஜே.க்களும் வாங்கிப் போட்டுடுவாங்களே," என்று முணுமுணுத்தபடி மஞ்சள் தாளைத் தேய்த்துத் தேய்த்து உரித்தெடுத்தார்.

புதுத்தட்டு அலறியது. "ஐயோ அண்ணே! நான் நல்லாத்தானே பாடினேன்?"

"அதனாலதான்டா," என்றது பக்கத்துத் தட்டு. "எனக்கு ஒருத்தரும் ஆடல. என் பேரை யாரும் தொடக்கூட இல்ல, பாரு."